மலைக்குப் போன பிரசங்கம்

சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்த கிறிஸ்தவர், கள்ளக்குறிச்சியில் ஒருவர்கூடக் கிடையாது. பார்சல் தாத்தா நடமாடிக்கொண்டிருந்த வரையில் இதுதான் நிலைமை. கறிக்குழம்பில் கை வைக்கும் நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்கும். “இன்னா, இன்னிக்கு ஆளக் காணோம்?”

திட்டமாட்டார். உள்ளே வந்து, நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் போதகர் செய்த பிரசங்கத்தை முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்குவார். போதகர் அரை மணி நேரத்தில் முடித்தது தாத்தாவின் வாயில் முக்கால் மணி நேரமாகும். கடைசியில் ஒரு ஜெபம். பிறகு எழுந்து அடுத்த வீடு. சாப்பாட்டுக் கடையில் கட்டிக் கொடுப்பதுபோல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததால் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சபையில் வருகை கூடியதற்குப் பரிசுத்த ஆவியானவர் பாதிக் காரணம், பார்சல் தாத்தா பாதிக் காரணம் என்று முன்பு இருந்த போதகர் ஒருவர் சொல்வார். சபையின் வரலாற்றைத் தேதிவாரியாகத் தொகுத்து வருகிறவன் என்ற முறையில் நான் அதை மறுக்கமாட்டேன்.

ஒரு எலக்ட்ரீஷியன் தப்பிக்க வழி கண்டுபிடித்தார். முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கமாக வந்து குடும்பத்தோடு சத்தமில்லாமல் சாப்பிடுவது. தாத்தா வந்தார். பூட்டைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். “பூட்டு வெளிய தொங்குது, வாசன உள்ளேருந்து வருது” என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து, முழுப் பிரசங்கத்தையும் கதவுக்குச் சொன்னார். முடிவில் ஜெபம் செய்தார். உள்ளே இருந்த எலக்ட்ரீஷியன், பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தை அடக்க முடியாமல், சத்தமாக “ஆமென்” என்றார். தாத்தா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “சரி, வந்துட்டான்” என்று கிளம்பினார்.

ஓய்வு பெறும்வரை தாத்தா ஒரு சர்க்கரை ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்தவர். கரும்பு லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. கழித்தால் வருவதுதான் கரும்பு. ஆராதனை முடிந்து வாசலில் போதகர் கைகொடுக்கும்போது தாத்தாவின் தீர்ப்பும் இந்தக் கணக்கில்தான் வரும்.

“பாஸ்டர், லாரி பெருசு. கரும்பு கம்மி.”

புதிதாக வந்திருந்த இளம் போதகர் கலங்கிப்போய் என்னிடம் கேட்டார். “என்ன சார் சொல்றாரு?”

“கதை ஜாஸ்தி, கருத்து கம்மி என்கிறார்.”

அடுத்த வாரம் போதகர் சிரிப்புக் கதைகளை நீக்கிவிட்டு வந்தார். தாத்தா கையைக் குலுக்கி, “இன்னிக்கு பரவால்ல பாஸ்டர். கரும்புலதான் கொஞ்சம் மண்ணு” என்றார்.

என்னை அவர் ‘தேதி’ என்றுதான் கூப்பிடுவார். திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் ஆராதனையைத் தவறவிட்ட ஞாயிறு, சாயங்காலம் வீடு திரும்பியபோது என் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். அன்றைய பிரசங்கம், பேதுரு ராத்திரி முழுவதும் வலை வீசியும் மீன் கிடைக்காத கதை. தாத்தாவின் பேதுரு கோமுகி அணையில் மீன் பிடிப்பவர். கச்சிராயபாளையத்தில் டீ குடிப்பவர்.

“ராவெல்லாம் வல போட்டாரு. ஒரு கெண்டகூட மாட்டல. அது இன்னா மாசம், தேதி?”

“எந்த மாதம் என்று வேதத்தில் இல்லை” என்றேன்.

“பங்குனி!”

“ஐயா, மாதமே குறிப்பிடப்படவில்லை.”

“அணையில தண்ணி இருந்தா மீனு இருக்கும். மீனு இல்லன்னா தண்ணி இல்ல. தண்ணி இல்லன்னா பங்குனி. இதுல இன்னா சந்தேகம்?”

அதற்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் அந்தக் கதை வந்தால் அதே இடத்தில் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டி, “இன்னா மாசம், தேதி?” என்பார். குறிப்பிடப்படவில்லை என்று நானும் சொல்வேன். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வேலை எப்போது தொடங்கியது என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். சபை வரலாற்றுக்குத் தேதி வேண்டும் அல்லவா?

“எஞ்சலின் போன அடுத்த ஞாயிறு” என்றார்.

எஞ்சலின் அவர் மனைவி. நெடுநாள் படுக்கையில் இருந்தவர். தாத்தா சர்ச்சுக்குப் போய்வந்து, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பிரசங்கத்தை ஒன்றுவிடாமல் சொல்வாராம். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் மனப்பாடமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்த பிறகுதான் கேட்க ஆள் இல்லை என்பது உறைத்தது.

“லோடோட வந்துட்டேன் தேதி. எங்க எறக்கறது? அடுத்த தெருவுல ஒருத்தன் அன்னிக்கு சர்ச்சுக்கு வரல. அவன் வூட்டுக்கு போயிட்டேன்.”

எண்பதைத் தாண்டிய பிறகு அவருடைய சுற்று வட்டம் சுருங்கியது. ஆனால் ஒரு வீட்டை மட்டும் விடவில்லை. அது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் இருந்தது. எஸ்தர் சிஸ்டர் அந்த மலையில் செவிலியராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். கீழே வர வழியில்லை. எனவே தாத்தா ஞாயிறுதோறும் மத்தியான பஸ்ஸில் பிரசங்கத்தை மேலே கொண்டுபோனார்.

தாத்தாவின் நினைவு முதலில் தடுமாறியது ஒரு தச்சர் வீட்டில். வாசலில் நின்று, “அப்பா எங்கடா? மூணு வாரமா ஆளக் காணோம்” என்று மகனிடம் கேட்டிருக்கிறார்.

“தாத்தா, அப்பா போன வருஷமே தவறிட்டாரு. நீங்கதான் அடக்கத்துல ஜெபம் பண்ணீங்க.”

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். துடைத்துக்கொண்டே இருந்தாராம். பிறகு, “அப்ப நீ ஏன் வரல? உக்காரு” என்றாராம். மகன் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அடுத்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே பையும் குடையும் விற்கும் பாய் என்னைக் கூப்பிட்டார். மலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தாத்தா அவர் கடை நிழலில் நின்று ஒருமுறை ஒப்பித்துப் பார்த்துக்கொள்வது வழக்கம்.

“சார், உங்க பெரியவரு முன்னெல்லாம் வாராவாரம் புதுசா சொல்வாரு. இப்ப ரொம்ப நாளா ஒரே மீன் கததான். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஒடம்புக்கு ஏதுனா கம்மியா?”

சின்னசேலத்தில் இருந்த மகளும் போதகருக்கு போன் செய்து அழுதார். “அப்பா மலையில எங்கனா எறங்கி காணாமப் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன் பாஸ்டர்? நிறுத்தச் சொல்லுங்க.”

போதகர் நேரில் போய்ப் பக்குவமாகச் சொன்னார். “ஐயா, ஆண்டவருக்கு நீங்க செஞ்சது போதும். இனிமே ஓய்வு எடுத்துக்குங்க.”

“ஓய்வு மில்லுலயே குடுத்துட்டாங்க பாஸ்டர். ஒருத்தன் எத்தினி தடவ ரிடையர் ஆவறது?”

ஒருமுறை கூடப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்வோம் என்று போதகர் என்னிடம் ஒப்படைத்தார். சபை நிறுத்தச் சொன்னால், அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேலை அன்றோடு முடிந்துவிடும். அது எனக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு நானும் கூடக் கிளம்பினேன். அன்று காலை போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசியிருந்தார். பஸ் அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறியது. தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தபடியே வந்தார். கண்டக்டர், அவர் கேட்காமலே விசில் ஊதி நிறுத்தி, “மெதுவா எறங்குங்க ஐயா. திரும்பி வர்றப்ப இங்கியே நிக்கணும், நகரக் கூடாது” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சிஸ்டர் வீட்டு வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னா எடமேட, இன்னிக்கு லேட்டு?”

“பஸ்ஸு லேட்டு சிஸ்டர். கூட தேதி வந்திருக்காரு.”

நாற்காலியில் உட்கார்ந்தார். இருமினார். பேதுரு வலையை அலசிக்கொண்டிருந்தார் என்று ஆரம்பித்தார். மன்னிப்பு எங்கும் வரவில்லை. பங்குனி மாசத்தை என் பக்கம் பார்த்துச் சிமிட்டிக் கடந்தார். அப்புறம் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. கை, எதையோ தேடுவதுபோல் முழங்காலைத் தடவியது.

படுக்கையிலிருந்து எஸ்தர் சிஸ்டர் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். “அதான் ராவெல்லாம் ஒண்ணும் கெடைக்கலையே. அப்பறம் ஏன் மறுபடியும் வலய போட்டாரு?”

“ஆங்! ஏன்னா போடச் சொன்னவரு யாரு?” என்று தாத்தா பிடித்துக்கொண்டார். வலை நிறைந்து படகு சாயும்வரை நிற்கவில்லை.

முடிந்ததும் கை கழுவப் பின்பக்கம் போனார். நான் குரலைத் தாழ்த்தி, “சிஸ்டர், இது இன்னிக்கு பிரசங்கம் இல்ல” என்றேன்.

“தெரியும் சார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துலேருந்து இதே வலதான்.”

“நீங்க சொல்லலையா?”

“எதுக்கு? அவரு எங்க நிப்பாருன்னு எனக்குத் தெரியும். அங்க ஒரு கேள்வி கேப்பேன், ஓடிடும். இந்த மலையில எத்தினி பிரசவம் பாத்தேன், எத்தினி ஊசி போட்டேன். இப்ப கால அசைக்க முடியல. ஆண்டவருக்கு நான் இன்னா செய்ய முடியும்? வர்ற மனுஷன் சொல்றத கேக்கலாம். அது ஒண்ணுதான் மிச்சம். கீழ போய் அவர நிறுத்திடாதீங்க. நிறுத்துனா ரெண்டு பேருக்கும் வேல போயிடும்.”

திரும்பும் பஸ்ஸில் தாத்தா நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடுக்காய் மூட்டையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தபோது கேட்டார்.

“தேதி, இன்னிக்கு பாஸ்டர் எதப் பத்தி பேசினாரு?”

பொய் சொல்ல வரவில்லை. “மன்னிப்பு” என்றேன்.

“நான் வேற எதுவோ சொல்லிட்டேன், இல்ல?”

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

“மில்லுல காலி லாரியயும் மேடையில ஏத்தணும். காலியா இருக்குதேன்னு அப்படியே விட்டுட்டா கணக்கே வராது.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானும் காலிதான். ஆனா போவணும். போவ வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

போதகரிடம் பார்த்ததை அப்படியே சொன்னேன். அவர் தாத்தாவின் மகளுக்கு போன் செய்து, ஏற்றிவிட பாய், இறக்கிவிட கண்டக்டர் என்று ஏற்பாட்டை விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மேல சிஸ்டர் காத்துக்கினு இருப்பாங்க. பஸ்ஸ விட்டுடாதீங்க ஐயா” என்றார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ‘காத்துக்கினு’ பேசக் கற்றுக்கொண்டிருந்தார். தாத்தா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னிக்குதான் பாஸ்டர் சரியான எட” என்றார்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தார். மகள் வந்து சின்னசேலத்துக்கு அழைத்துப் போனார். சனிக்கிழமை ராத்திரி காய்ச்சலிலும் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னாராம். அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த வியாழன் காலமானார். வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில், எஞ்சலினுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். எலக்ட்ரீஷியன் குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றார். பாய் கடையை அடைத்துவிட்டு, புதுக் குடைகளைக் கட்டாகக் கொண்டுவந்து நனைந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே மலைக்குப் போனேன். செய்தியை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. கண்டக்டர் முன்பே சொல்லியிருந்தார். எஸ்தர் சிஸ்டரின் கண்கள் வீங்கியிருந்தன. நாற்காலி அதே இடத்தில் கிடந்தது.

நனைந்த குடையை மூலையில் சாத்திவைத்தேன்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழம” என்றார். “நீங்க சர்ச்சுக்கு போவலையா?”

“இல்ல சிஸ்டர். மொத பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன்.”

“அப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். தாத்தா இருமுவதுபோல் ஒருமுறை இருமினார். பேதுரு வலையை அலசிக்கொண்டிருந்ததிலிருந்து தொடங்கினார். கோமுகி அணை வந்தது, கச்சிராயபாளையத்து டீ வந்தது. ராத்திரி முழுவதும் வீசியும் ஒரு கெண்டைகூட மாட்டவில்லை என்ற இடம் வந்தது. அங்கே நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“அது இன்னா மாசம்?”

வரும் வழியில் அணை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

“பங்குனி, சிஸ்டர்” என்றேன்.