தேங்காய் இருந்த இடத்தில் நான்

ஒரு தேங்காயை ஒரே அடியில் சரிபாதியாக உடைப்பதைத் தவிர எனக்கு வேறு கலை எதுவும் தெரியாது. அந்த ஒரே கலையைக் கொண்டுபோய் ஓவியக் கல்லூரியில் காட்டினேன் என்பதை இத்தனை நாள் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் கயல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம். படித்தால் ஓவியம்தான் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "வரைஞ்சு என்னத்த சாதிக்கப் போறா?" என்று என் மைத்துனர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி பஞ்சாயத்தை முடித்துவிட்டாள். கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் கலை, வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம். அங்கே இடம் கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் பி.காம். பி.காம் என்று யாராவது சொன்னாலே கயலுக்கு முகம் சுருங்கிவிடும்.

நுழைவுத் தேர்வன்று பெற்றோரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்று என் ஆபீஸில் ஒருவர் கொளுத்திப் போட்டார். (அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.) கல்லூரிக் கையேட்டை வாங்கி மனப்பாடம் செய்தேன். பிரான்ஸில் சிற்பம் படித்துத் திரும்பிய ஒருவர், தன் மாமனாரின் நெல் கிடங்கில், ஆறு மாணவர்களையும் ஐந்து முக்காலிகளையும் வைத்துத் தொடங்கிய கல்லூரி அது. ஆறாவது மாணவர் எதில் உட்கார்ந்தார் என்று கையேட்டில் இல்லை. கேட்டுவிடுவார்களோ என்று கவலையாக இருந்தது. பாடப்பிரிவுகளைக் குளிக்கும்போதுகூட ஒப்பித்தேன்: ஓவியம், சிற்பம், ஜவுளி வடிவமைப்பு, உள் அலங்காரம், அனிமேஷன்.

"அங்க போயி வாயைத் தொறக்காதீங்க" என்றாள் மனைவி, என் நெற்றியில் விபூதியைப் பூசியபடி. வாயைத்தான் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வு மூன்று மணி நேரம். பிள்ளைகள் உள்ளே, பெற்றோர் வராந்தாவில். பாதியில் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். கயல் ஓடி வந்தாள்.

"அப்பா, ரப்பர் குடுங்க. மறந்துட்டேன்."

"நீ போயி தண்ணி குடிம்மா. நான் உன் எடத்துல வச்சிட்டு வர்றேன்."

கவனித்தீர்களா? உதவி!

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆளில்லை. படப் பலகைகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள் (ஒருத்தர் வரைந்ததை இன்னொருத்தர் பார்க்கக் கூடாதாம்). கூடத்தின் நடுவே ஒரு மேடை. அதன்மேல் ஒரு பித்தளைக் குடம், ஒரு சீப்பு வாழைப்பழம், சிவப்புத் துணி, ஒரு முழுத் தேங்காய். மேலே ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆகா, பிள்ளைகள் நன்றாக எழுத வேண்டும் என்று பூசை போட்டிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துவிட்டேன். ஆனால் போட்டவருக்கு விவரம் போதவில்லை. குடம் சாய்ந்து கிடந்தது. துணி கசங்கிக் குப்பையாகக் கிடந்தது. தேங்காய் ஓரமாக உருண்டு கிடந்தது. இப்படி அரைகுறையாக விட்டால் சாமி யாருக்கு இடம் கொடுக்கும்? என் மகளுக்கு பி.காம்தான் கொடுக்கும்!

குடத்தை நிமிர்த்தினேன். துணியை உதறி, நான்காக மடித்து, அடியில் விரித்தேன். சீப்பை நேராக வைத்தேன். சட்டைப் பையிலிருந்த விபூதியை எடுத்துக் குடத்துக்கு மூன்று பட்டை போட்டேன். பிறகு தேங்காயைக் கையில் எடுத்து, "கயலுக்கு இடம் கிடைக்கணும்" என்று மூன்று முறை சொல்லி, வாசல்படிக்குப் போய் ஓங்கி ஒரே அடி.

சரிபாதி. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக உடைத்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தால், படிக்கு அந்தப் பக்கம் இடைவேளை முடிந்து வந்த பிள்ளைகள் மொத்தமும் நிற்கிறார்கள். முன்னால் நின்ற பெண் என் கையைப் பார்த்தாள். "ஐயோ, என் தேங்காய்!" என்று வீறிட்டாள். "பாதிதானே வரைஞ்சிருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது பூசை இல்லை, பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக வைத்த பொருள்கள்.

பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஜமீலா மேடம் வந்தார். ஓவியத் துறையின் தலைவர். மேடையைப் பார்த்தார். "யா அல்லாஹ்! அந்தத் துணியைக் கசக்கி வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சே! யாருங்க நீங்க?"

"இந்தக் கல்லூரி ஒரு நெல் கிடங்கில் தொடங்கப்பட்டதுங்க" என்றேன்.

"அது தெரியும்ங்க. நீங்க யாரு?"

"ஓவியம், சிற்பம், ஜவுளி வடிவமைப்பு..."

"யாரோட அப்பா நீங்க?"

அனிமேஷன் வரைக்கும் போயிருப்பேன். அந்தக் கேள்வி நிறுத்திவிட்டது. உண்மையைச் சொன்னால் கயல் கதை முடிந்தது. கைக்கொரு தேங்காய் மூடியாகப் பிடித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, "நான் யாருக்கும் அப்பா இல்லீங்க. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க அப்பாதான் மேடம்."

கயல் முன்னால் வந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. "என்னை வேணும்னா வெளிய அனுப்பிடுங்க மேடம். அப்பாவைத் திட்டாதீங்க. பயந்தா இப்படித்தான் ஏதாவது செஞ்சிடுவாங்க."

எனக்கு அந்த வாசல்படியிலேயே என் தலையையும் உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிகளைப் பார்த்தார். அவர் உதடு கொஞ்சம் துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"பழைய படத்தை எல்லாரும் எடுத்து வச்சிடுங்க. புதுத் தாள் தர்றேன், நேரமும் சேத்துத் தர்றேன்" என்றார். பிறகு ஒரு முக்காலியை இழுத்து மேடையில் போட்டார். "நீங்க வாங்க. தேங்காய் எடத்துல உக்காருங்க. மூடி கையிலயே இருக்கட்டும். அசையக் கூடாது."

உட்கார்ந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி என்னை அளந்தார்கள். தேங்காய்த் தண்ணீர் முழங்கை வரை வழிந்திருந்தது. காரைக்கால் மாவட்டத்து எறும்புகள் அத்தனையும் தகவல் கிடைத்து வந்து சேர்ந்தன. நான் அசையவில்லை. ஆறாவது மாணவர் நின்றுகொண்டேதான் படித்திருக்க வேண்டும், கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் படங்களை வரிசையாகச் சுவரில் சாய்த்தார்கள். எல்லோரும் என் முகத்தைத்தான் பெரிதாக வரைந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நான் தியானத்தில் இருப்பவனைப் போல அமைதியாக இருந்தேன். கயல் படத்தில் முகம் சின்னதாக எங்கோ மேலே இருந்தது. முன்னால் பெரிதாக என் வலது கால். அதன் கட்டைவிரல் மட்டும் தனியாக வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

பயந்தால் என் கால் கட்டைவிரல் அப்படி நிற்கும். வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மேடம் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி என் காலைப் பார்த்தார். அது இன்னமும் நின்றுகொண்டிருந்தது. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

கயலுக்கு இடம் கிடைத்தது. இப்போது ஓவியம் மூன்றாம் ஆண்டு. புதுக் கையேடு ஒன்று கொண்டுவந்து காட்டினாள். நெல் கிடங்கு, முக்காலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நுழைவுத் தேர்வு விதிகளின் கடைசியில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது: "தேர்வறையில் உள்ள பொருள்களுக்குப் பெற்றோர் பூசை செய்ய வேண்டாம்."

போன மாதம் மைத்துனர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. ஐயர் தேங்காயை என்னிடம் நீட்டினார். பின்னாலிருந்து என் மனைவியின் குரல்:

"சாமி, கொஞ்சம் இருங்க! யாராவது அதைப் பாத்து வரைஞ்சிக்கிட்டு இருக்காங்களான்னு கேட்டுட்டு அவருகிட்ட குடுங்க!"

வீடே சிரித்தது. மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார்.