மூன்றாம் பாகமும் கிணற்றில் விழுந்த தம்பியும்

ஒஸ்லோவில் காத்திருக்காத மனிதர் கிடையாது. ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஒருவர் குடியுரிமைக்கு. மிச்சப்பேர் வெயிலுக்கு. ஆனால் இந்த நகரத்தில், ஏன் இந்த உலகத்திலேயே, ஒரு வீடியோ கேமின் அடுத்த பாகத்துக்காகத் தலை நரைக்கும்வரை காத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு நான் சோபா தூக்கினேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் சொல்வதில்லை. மூன்றாம் பாகம் என்றால்தான் ஆளைத் தெரியும்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. ஒஸ்லோவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இராது. நாலாம் மாடியில் பியானோ வைத்திருப்பார்கள். வாசிக்க மாட்டார்கள். வீடு மாறும்போது அதையும் கொண்டு போவார்கள். மேல்பக்கம் அவர் பிடிப்பார், கீழ்ப்பக்கம் நான். கீழே பிடிப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்கு முன்னால் பியானோ மட்டும்தான். மேலே பிடிப்பவரின் வாய்தான் அவனுக்குக் கண்.

மற்றவர்கள் படி, வளைவு என்று சொல்லிவிட்டு வாயை மூடுவார்கள். மூன்றாம் பாகம் நடுவில் கதையும் சொல்வார்.

“படி. படி. அப்ப தம்பி கோடாலியைத் தூக்கிறான். வளைவு, இடக்கைப் பக்கம். ஓநாய் பாயுது. படி.”

தம்பி என்பது அந்தக் கேமின் வீரன். கேம் கம்பெனி அவனுக்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. அது இவர் வாயில் நுழையவில்லை. இவர் நோர்வேயின் வடக்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் யாரோ ஒரு நோர்வேக்காரர் பழைய கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கூடவே இரண்டு பாகங்கள். குளிர்காலம் முழுக்க அங்கே வெளிச்சம் வராது. மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள், சண்டை பிடித்தார்கள். இவர் தம்பியோடு மலை ஏறினார். இரண்டாம் பாகத்தின் கடைசியில் கயிறு அறுந்து தம்பி ஒரு கிணற்றுக்குள் விழுகிறான். திரை கறுக்கிறது. தொடரும் என்று எழுத்து வருகிறது.

தொடரவில்லை. செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். உலகம் அந்தக் கேமை மறந்துவிட்டது. இவருக்கு விசா கிடைத்தது. கலியாணம் நடந்தது. மகள் பிறந்தாள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடும் வாங்கினார். தம்பி கிணற்றுக்குள் கிடந்தான்.

“அவனை அப்பிடியே விட்டிட்டு வந்திட்டன்” என்பார், சாப்பாட்டு நேரத்தில். பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருப்பார்.

“அண்ணை, அது கேம்.”

“ஓம், கேம்தான். தண்ணி இருக்கிற கிணறோ எண்டு தெரியேல்லை.”

நான் கையுறையை மாட்டுவேன். பின்னேரம் இன்னொரு பியானோ இருக்கும்.

ஒரு நாள் ரொம்மனில் ஒரு எஞ்சினியருக்கு வீடு மாற்றினோம். சென்னையில் இருந்து வந்தவர். உதவி செய்கிறேன் என்று ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் படியில் வந்தார். கதை காதில் விழுந்திருக்கிறது.

“சார், உங்க தம்பி கிணத்துலயா இருக்காரு?”

“ஓம்.”

“ஐயோ. எப்ப விழுந்தாரு?”

“நான் முகாமிலை இருக்கேக்கை.”

“இன்னுமா எடுக்கல? போலீஸ்ல சொன்னீங்களா சார்?”

சோபாவுக்குக் கீழே இருந்து நான், “கேம்” என்றேன். எந்தக் கேம் என்று அவர் கேட்டார். கோடாலி, கயிறு, ஓநாய் எல்லாம் மூன்றாம் பாகம் சொன்னார். எஞ்சினியர் தலையணையைக் கீழே வைத்தார்.

“சார், அது திரும்ப வருது சார்! வேற கம்பெனி வாங்கிட்டாங்க. மூணாவது பார்ட். போன வாரம்தான் ட்ரெய்லர் பாத்தேன்.”

மேலே பிடித்தவர் கையை எடுத்துவிட்டார். சோபா என் நெஞ்சில் வந்து நின்றது.

“கிணத்துக்குள்ளையிருந்தோ தொடங்குது?” என்று எஞ்சினியரைக் கேட்டார்.

“ஆமா சார். கிணத்துலதான் ஆரம்பம்.”

“உயிரோடையோ இருக்கிறான்?”

“அண்ணை, சோபா” என்றேன்.

கேம் வந்த அன்று லீவு எடுத்தார். முதலில் கோயிலுக்குப் போனார். தேங்காய் பிடிக்க நான்.

“ஆருக்கு அர்ச்சனை?” என்று ஐயர் கேட்டார்.

“தம்பிக்கு.”

“நட்சத்திரம்?”

“பிறந்தது தெரியாது ஐயா. விழுந்தது தெரியும்.”

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன். “சுவாமியின்ரை பேருக்கே செய்வம்” என்று அவர் உள்ளே போனார்.

வீட்டில் மூன்றாம் பாகத்தின் மனைவி அர்ச்சனைத் தட்டைப் பார்த்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

“என்ரை சொந்தத் தம்பி கொழும்பிலை ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒரு போன் எடுக்காத மனுசன். இந்தத் தம்பிக்கு அர்ச்சனை.”

“உன்ரை தம்பிக்கு டொக்டர் இருந்தவர்” என்றார் மூன்றாம் பாகம்.

பிரச்சினை கையில் வந்தது. இத்தனை வருசம் பாரம் பிடித்த கை. வலக்கை விரல்கள் விறைத்துப் போயிருந்தன. பெருவிரல் சொன்னது கேட்காது. ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். செய்தால் பெருவிரல் சரிவரும் என்று மட்டும் சொல்லவில்லை. கேமில் தம்பி கிணற்றுச் சுவரில் கல்லுக்குக் கல் தொங்கி ஏற வேண்டும். இடையில் பூச்சியோ பேயோ ஏதோ வரும். பட்டனை அமத்தி அடிக்க வேண்டும். இவர் அமத்துவதற்குள் தம்பி செத்துப் போவான். செத்த ஒவ்வொரு முறையும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார்.

மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். “அப்பா, லெத் எண்டு ஒரு லெவல் இருக்கு. அதை வைச்சா லேசா ஏறலாம். இல்லாட்டித் தாங்கோ, நான் ஏத்திவிடுறன்.”

“இவ்வளவு காலம் கிடந்தவனை லேசா எடுக்கிறதோ? விட்டிட்டு வந்தது நான். நான்தான் எடுக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வந்தது. “வா. ஒரு சாமான் தூக்கோணும்.”

எனக்கு முதுகு நோ. இருந்தாலும் இடுப்புப் பட்டி, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போனால் தூக்க ஒன்றும் இல்லை. டிவி ஓடியது. மூன்றாம் பாகம் கேம் கொன்ட்ரோலரை நீட்டினார்.

“நீ வலப்பக்கம் பிடி. நான் இடப்பக்கம்.”

“எனக்கு இது தெரியாது அண்ணை.”

“பியானோவும்தான் உனக்குத் தெரியாது. தூக்கேல்லையோ?”

பிடித்தேன். உள்ளங்கை அளவுச் சாமான். அதற்கு இரண்டு கிழவர்கள், ஆளுக்கொரு பக்கம்.

“ஏறு. ஏறு. பிடி. வலக்கைப் பக்கத்தாலை வருகுது. இப்ப அடி.”

நான் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் குழம்பியது. அவர் வாயை மட்டும் கேட்டேன். தம்பி ஏறினான்.

ஒரு பழக்கம்தான் கெடுத்தது. மாடிப்படி வளையும் இடத்தில் தட்டு வந்தால் சாமானை இறக்கி வைக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அது எங்கள் தொழில். தம்பி ஒரு பாறைத் தட்டில் கால் வைத்ததும் இருவரும் ஒன்றாகக் குனிந்து, மூலை இடிபடாமல், கொன்ட்ரோலரைக் கம்பளத்தில் வைத்தோம். நான் முகம் துடைத்தேன். அவர் முழங்காலைத் தடவினார். அதற்குள் ஏதோ ஒன்று வந்து தம்பியைத் தின்றுவிட்டது.

மகள் கதவடியில் நின்றாள். “ரெண்டுபேரும் என்ன செய்யிறியள்?”

“ஆறுறம்” என்றார் அப்பா.

அன்று முழுக்க அதே கதை. தட்டு வந்தால் கை தானாக இறங்கியது. தம்பி செத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஞாயிறும் போனேன். கடைசித் தட்டு வந்தது. என் கை இறங்கியது.

“வையாதை” என்றார். “இப்பிடியே ஏத்துவம்.”

எந்தப் படியிலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. வைக்கவில்லை. “பிடி. பிடி. அடி. பிடி” என்றார். பிறகு சத்தத்தைக் காணவில்லை. நான் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். பனி. வெளிச்சம். தம்பி கிணற்றுக் கட்டின்மேல் கையை ஊன்றி வெளியே வந்துகொண்டிருந்தான்.

மூன்றாம் பாகம் குசினிப் பக்கம் திரும்பினார். “இஞ்சை, தம்பி வந்திட்டான்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“சாப்பிட்டவனோ?” என்று அக்கா கேட்டார்.

திரையில் கேமின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. மகள் தலையில் கை வைத்தாள். “அப்பா, இனித்தான் கேமே தொடங்குது. இந்த இடத்தை மற்ற ஆக்கள் அரை மணித்தியாலத்திலை முடிச்சிருப்பினம். இனி ஒரு நாடே கிடக்கு, சுத்தி வர.”

அவர் டிவியை நிறுத்தினார்.

“மிச்சம்?” என்றேன்.

“மிச்சத்தை அவன் பாத்துக்கொள்ளுவான். கால் இருக்கு. கோடாலி இருக்கு. வெளியிலை விட்டாச்சு.”

அதன்பிறகு அந்தக் கேமை அவர் தொடவில்லை. ஒப்பரேசன் நடந்தது. பெருவிரல் திரும்பவில்லை. அவரும் வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது என்னோடு மேல்பக்கம் பிடிப்பவன் ஒரு போலந்துக்காரன். நல்ல மனிதன். பலசாலி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் லோறென்ஸ்கூக்குக்குப் பஸ் எடுக்கிறேன். அங்கே தூக்க ஒன்றும் இல்லை. போகிறேன்.