மாமனார் தலையில் ஓர் அந்துப்பூச்சி

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணை மட்டும்தான் பார்க்க வேண்டும். இந்த எளிய விதி எனக்குப் பிடிபடவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் வாத்தியார். அம்மாவும் நானும் வேடசந்தூருக்குப் பெண் பார்க்கப் போன பஸ், டயர் பஞ்சராகி ஒரு கரட்டடியில் நின்றுவிட்டது. சும்மா ஒரு பாறைமேல் கையை வைத்தேன். பாறையில் ஒரு துண்டு பறந்தது!

கொஞ்சம் தள்ளி அது உட்கார்ந்ததும் மறுபடி பாறையாகிவிட்டது. அதே சாம்பல், அதே கரும்புள்ளி. அந்துப்பூச்சி! புத்தகத்தில்கூட நான் பார்த்திராத ரகம். (உலகம் இதற்கு என் பெயரைத்தான் வைக்கப்போகிறது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.) புது வேட்டியோடு தவழ்ந்துபோய்ப் பிடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அடைத்தேன். அம்மா பஸ் நிழலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா நரையும் கறுப்பும் கலந்த அடர்ந்த முடிக்காரர். பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுக்கிறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பதிலுக்கு நான் கூட்டைத் திறந்து காட்டினேன். பூச்சி கிளம்பிவிட்டது. வீடே தேடியது. சுவரில் இல்லை, ஆட்டுக்கல்லில் இல்லை. எனக்கு அழுகை வராத குறை.

காபியோடு வந்த பெண் அப்படியே நின்று, தணிந்த குரலில் சொன்னாள்: "அப்பா, அசையாதீக. ஒங்க தலையிலதான் இருக்கு."

இருந்தது! நரைமுடியோடு நரைமுடியாக! ஆனந்தத்தில் பாய்ந்தேன். என் இரண்டு கைகளும் அவர் உச்சந்தலையில் 'பட்'டென்று இறங்கின. பூச்சி ஜன்னல் வழியே போயே போய்விட்டது. காபி என் வேட்டியில்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் வேட்டியின் காபிக் கறையையே முறைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் வாய் திறந்தேன். என்ன கண்ணு அந்தப் பெண்ணுக்கு! கட்டினால் அவளைத்தான் என்றேன்.

"அவுக குடுக்கணும்ல" என்றாள் அம்மா.

கொடுத்தார்கள். பெண்தான் பிடிவாதமாம். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமே காரணம் கேட்டேன்.

"ஒரு பூச்சியவே இம்புட்டு உத்துப் பாக்குறவரு, என்னைய ஒரு நாளாச்சும் பாக்காமயா போயிருவாருன்னு நெனச்சேன்."

மாமனார் மட்டும் கடைசிவரை என்னை நம்பவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொள்வார். பிறகுதான், "வாங்க மாப்ளே." இப்போது என் பேரப்பிள்ளைகள், நான் வீட்டுக்குள் நுழைந்தாலே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள்.