தலைவியை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானம்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வருஷம் முடிவதற்குள் என் மனைவியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவேன்.

அவசரப்பட்டுத் தப்பாக நினைக்காதீர்கள். அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கெல்லாம் போகவில்லை. இதே வீட்டில்தான் இருக்கிறாள். அதாவது அவளுடைய புடவைகள் இருக்கின்றன, செருப்பு இருக்கிறது, போன் சார்ஜர் இருக்கிறது. ஆள்தான் இருப்பதில்லை.

நான் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவன். முப்பத்தாறு வருஷம். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நான்தான் எழுதுவேன். வராதது வேறு விஷயம். ஓய்வு பெற்ற மறுவாரம், பழக்க தோஷம், மனைவிக்கும் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். காலை எட்டு ஐந்துக்குப் புறப்பாடு. மதியம் ஒன்றரைக்கு வருகை, இரண்டு மணிக்கு மறுபடி புறப்பாடு. ராத்திரி ஒன்பதே காலுக்குக் கடைசி வருகை. கழித்துக் கூட்டிப் பார்த்தால், விழித்த நிலையில் எனக்குக் கிடைக்கும் மனைவி ஒரு நாளைக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம். அதில் பதினொரு நிமிஷம் "என் சாவி எங்கே?" என்பதற்கே போய்விடுகிறது.

காரணம், கலைக்கூடம். எங்கள் தெருமுனையில், பழைய அச்சகக் கட்டடத்தில் நடக்கிற அமைப்பு. குழந்தைகளுக்கு ஓவியம், பெரியவர்களுக்கு நாடகம், வயதானவர்களுக்குப் பாட்டு, காது கேளாதவர்களுக்குத் தனியாக ஒரு நடனக் குழு. என் மனைவி பன்னிரண்டு வருஷமாக அதற்குத் தலைவி. கூரை ஒழுகிய கட்டடத்தில் பதினோரு பேரோடு ஆரம்பித்தாள். இன்றைக்கு நானூறு பேர். ஊரே அவளைக் கொண்டாடுகிறது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெருமையோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க முடியுமா? சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு தம்ளர் காப்பி கலந்து, கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, இரண்டையும் நானே குடிக்கிறேன். தனியாகக் காப்பி குடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என் பிரச்சினை.

ஒரு நாள் காலையில் பேச்சை எடுத்தேன்.

"ஏம்மா, நமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஏங்க, அந்த அரக்கன் தலையைப் பார்த்தீங்களா?"

"பிரிட்ஜுல இருக்கு. பால் எடுக்கத் திறந்தேன், உயிரே போயிடுச்சு. நான் கேட்டதுக்கு…"

"பசை காயக் கூடாதுன்னு வெச்சேன். முப்பத்தொண்ணு."

"என்னது முப்பத்தொண்ணு?"

"கல்யாணம் ஆகி. என் சாவி எங்கே?"

போய்விட்டாள். அரக்கன் தலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். என்னை ஒரு நாளாவது அவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போயிருப்பாளா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பல் டாக்டர், கலைக்கூடத்துக்குச் செயலாளர். ஆகவே அவரும் நம்ம ஜாதி, அதாவது சாயங்காலத்தில் அநாதையாகிற ஜாதி.

"அண்ணே, விதிப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?" என்றார், மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"தலைவிதியைப் படிக்கவே நேரம் சரியா இருக்கு."

"இல்லண்ணே. கலைக்கூடத்து விதி. ஒருத்தர் எத்தனை தடவை தலைவரா இருக்கலாம்னு அதுல எழுதவே இல்லை. நீங்க உறுப்பினராச் சேர்ந்து, 'மூணு தடவைக்கு மேல ஒருத்தரே இருக்கக் கூடாது'ன்னு ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. நாலு நாலு வருஷமா அண்ணிக்கு இதோட மூணு முடியுது."

"நிறைவேறிட்டா?"

"அண்ணி வீட்டுக்கு வந்துதானே ஆகணும்?"

அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நடுவில் மதில் இருந்ததால் தப்பித்தார். விதிப் புத்தகம் ஒன்று தயாராக அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எப்படி இருந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவன் எங்கே யோசிக்கிறான்?

அன்று ராத்திரியே உறுப்பினர் படிவத்தை நீட்டினேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏது, திடீர்னு கலை மேல ஆசை?"

"கலைன்னா எனக்கு உயிராச்சே!"

"தூக்கம் கலையறது தவிர உங்களுக்கு வேற எந்தக் கலையும் தெரியாதே?"

"இனிமே தெரிஞ்சுக்கறேன்."

"நல்லது. புதுசா சேர்றவங்க முதல் மூணு மாசம் நாற்காலி போடணும். எடுக்கணும். யாரா இருந்தாலும் அதுதான் எங்க வழக்கம்."

"நான் தலைவியோட புருஷன்."

"அப்ப மேஜையும் சேர்த்துப் போடுங்க."

மூன்று மாசம் போட்டேன். முதுகு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு நாடகக்காரர்கள் ராஜா வேஷம் யாருக்கு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவள் போனாள், ஒரு நிமிஷம் பேசினாள், இருவரும் சேர்ந்து சிரித்தபடி மந்திரி வேஷத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். காது கேளாத பெண்கள் ஆடும்போது தாளம் தெரிய வேண்டுமே என்று மரப்பலகைத் தளம் போட வைத்திருக்கிறாள். மேளம் அடித்தால் அதிர்வு பாதத்தில் ஏறுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். நான் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் நின்று பார்த்தேன். உள்ளங்காலில் கிர்ரென்று ஏறியது. கண் கலங்கிவிட்டது.

கலங்கினால் கலங்கட்டும் என்று துடைத்துக்கொண்டேன். பெருமை வேறு, காப்பி வேறு.

ஆண்டுப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். இருநூறு நாற்காலி. அத்தனையும் நான் போட்டவை. மேடையில் மனைவி, பக்கத்தில் பல் டாக்டர். முன்வரிசையில் பாட்டு வகுப்புப் பெரியவர்கள்.

பதினான்கு பக்கப் பேச்சு எழுதி வைத்திருந்தேன். ஜனநாயகம், சுழற்சி முறை, இளைய தலைமுறைக்கு வழி விடுதல் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். எதிர்ப்பு வரும், கூச்சல் வரும், செருப்பு கூட வரலாம் என்று கடைசி வரிசைக்குப் பக்கத்தில் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

"அடுத்து, புது உறுப்பினர் ஒருத்தர் தீர்மானம் கொண்டு வந்திருக்கார்" என்றார் பல் டாக்டர். "வாங்கண்ணா."

எழுந்தேன். தீர்மானத்தை வாசித்தேன். மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பதினான்கு பக்கமும் கண்ணில் படவில்லை. வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"ஜனநாயகம் எல்லாம் சும்மாங்க. எனக்கு இவங்க வேணும். ஓய்வு பெற்று வீட்டுல உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் பேச ஆள் இல்லை. ரெண்டு காப்பி போட்டு ரெண்டையும் நானே குடிக்கிறேன். பன்னிரண்டு வருஷம் உங்களுக்குக் கொடுத்தாச்சு. மிச்சத்தை எனக்குக் கொடுங்களேன்."

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். அப்புறம் வரிசை வரிசையாக மூக்குறிஞ்சல். முதலில் உயர்ந்த கை யாருடையது தெரியுமா? என் மனைவியுடையது! அடுத்தது பல் டாக்டர். அதற்கப்புறம் இருநூறு கைகள். எதிர்ப்பே இல்லை. கைதட்டல் வேறு. தேர்தலில் ஜெயித்த மாதிரி நான் கும்பிட்டேன்.

புதுத் தலைவியாகப் பல் டாக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அண்ணாவுக்கு நன்றி. நம்ம வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தீர்மானம் கொண்டு வந்தவங்களே அதை நடத்திக் காட்டணும். கூரையை மாத்தணும்னு சொன்னவங்கதான் கூரை ஏறினாங்க. கக்கூஸ் சரியில்லைன்னு சொன்னவர்…"

"சொன்னவர்?" என்றேன்.

"இன்னிக்கும் அவர்தான் பார்த்துக்கறார். அதனால தலைமை மாறுற வேலை பூராவும் அண்ணா பொறுப்பு. பன்னிரண்டு வருஷச் சாமானைப் பட்டியல் போடணும், எல்லா வகுப்புக்கும் நேர அட்டவணை போடணும். ஒரு வருஷம். தினமும் அஞ்சுலேருந்து ஒன்பது வரைக்கும்."

"சாயங்காலமா?"

"வகுப்பு அப்பதானேண்ணா நடக்குது!"

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை நான் கும்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"ரொம்ப தேங்க்ஸுங்க. நீங்க அப்படிப் பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"கோபம் இல்லையா?"

"கோபமா? மூணு தடவை ராஜினாமா எழுதிக் கொடுத்தேங்க. மூணு தடவையும் அழுது, கிழிச்சுப் போட்டுட்டாங்க. விடவே மாட்டேன்னுட்டாங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், இவளும் வீட்டுக்கு வரத்தான் தவித்திருக்கிறாள்! "ஏம்மா இதை முன்னாடியே சொல்லலை? நான் போய்க் காப்பி…"

"ரெண்டு வருஷமா மாவட்டக் கூட்டமைப்புல கூப்பிட்டுட்டே இருக்காங்க. நாற்பத்திரண்டு அமைப்புங்க. நடமாடும் நூலகம், முதியோர் இல்லம், நாடகக் குழு, எல்லாம் பெண்கள் நடத்துறது. அதுக்குத் தலைவரா வரணும்னா வேற எந்த அமைப்புலயும் தலைவரா இருக்கக் கூடாது. இப்ப வழி பிறந்துடுச்சு!"

நான் உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளை, பின்னால் நாற்காலி இருந்தது.

"அப்ப நீ வீட்டுல இருக்கப் போறதில்லை?"

"யார் சொன்னது? கூட்டமைப்புக்கு இன்னும் அலுவலகம் கிடைக்கலை. நம்ம முன்னறையிலதான் நடத்தப் போறேன். நீங்க ஆசைப்பட்ட மாதிரியே இனிமே தினமும் சாயங்காலம் அஞ்சுலேருந்து ஒன்பது வரைக்கும் நான் வீட்டுலதான்."

மதிலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் குனிந்து பூச்செடியில் எதையோ தேடினார்.

"யோவ், எழுந்திரு! அந்தப் புத்தகம் உன் பையில எப்படி வந்துச்சு?"

"வீட்டுல கொடுத்தாங்கண்ணே."

"யோசனை?"

"அதுவும் வீட்டுலதான். 'அவர் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க, போய் மெதுவாச் சொல்லுங்க'ன்னாங்க."

"துரோகி! மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க பல் டாக்டருண்ணே. எதிர்த்துப் பேச வாயைத் திறந்தாலே உள்ள ஏதாவது வெச்சு அடைச்சுடறாங்க."

பாவமாகத்தான் இருந்தது. மன்னித்துவிட்டேன்.

இப்போது நான் கலைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அரக்கன் தலைகள் பதினேழு, கிரீடங்கள் தொண்ணூற்று நான்கு, இடது காதில்லாத யானை ஒன்று. இதுவரை பட்டியல் 'க' வரிசையைக் கூடத் தாண்டவில்லை. ஆனால் என் நேர அட்டவணைப்படி வகுப்புகள் நிமிஷம் தவறாமல் நடக்கின்றன. பஸ்கள் கொடுக்காத மரியாதையைப் பாட்டு வகுப்புப் பெரியவர்கள் கொடுக்கிறார்கள்.

போன புதன்கிழமை பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வகுப்பு ரத்து. ஐந்தே முக்காலுக்கே கட்டடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மனைவி வீட்டில் இருக்கிறாள், நானும் வீட்டில் இருக்கப் போகிறேன், மணியும் ஆறு ஆகப் போகிறது. பத்து மாசக் கனவு!

வாசலில் முப்பது ஜோடி செருப்பு. கதவருகே ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் நான் முன்பின் பார்த்திராத ஓர் அம்மா, கையில் பேனாவோடு.

"எந்த அமைப்புலேருந்து வர்றீங்க சார்?"

"அமைப்பெல்லாம் இல்லைம்மா. உள்ள இருக்காங்களே உங்க தலைவி, அவங்களோட வீட்டுக்காரர் நான்."

அந்த அம்மா பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

"நாற்பத்திரண்டையும் பார்த்துட்டேன் சார், அதுல நீங்க வரலையே."