மஸ்கட்டுக்குப் படம் காட்டுன பிலோமி

பொய்யா? நான் எதுக்கு சித்ரா பொய் சொல்லணும்? மஸ்கட்டுல இருக்கவன் நம்ம சக்குபள்ளத்து டிவியில எப்படிப் படம் பாப்பான்னு கேக்குற. பவுல்ராஜ் பாத்தானே! மூணு படம் பாத்தான். மூணுலயும் க்ளைமாக்ஸ் மட்டும் பாக்கல. அது ஏன்னு கேளு.

அவன் அங்க ஏசி மெக்கானிக்கு. ஊரு பூரா குளுகுளுன்னு ஆக்குவான், இங்க இவன் வீட்டுக் குழாய் மூணு வருசமா ஒழுகுது. அது கெடக்கட்டும். நம்ம படத்தை அங்க போன்ல போட்டா "இந்த நாட்டுல இது கெடையாது"ன்னு எழுத்து வந்து நிக்குமாம். உடனே பொண்டாட்டி பிலோமிக்குப் போன் போட்டான்.

"பிலோமி, வீடியோ கால்ல வந்து, போனோட பின்கேமரா டிவியப் பாக்குற மாதிரி நிப்பாட்டு. நான் இங்க படுத்துக்கிட்டே பாத்துக்கிறேன்."

"எதுல சாத்தி வைக்கிறது?"

"உங்கம்மா சும்மாதான உக்காந்திருக்கு? அது மடியில சாத்து."

"எங்கம்மா மடி உங்களுக்கு ஸ்டாண்டா?"

கடைசியில ஸ்டூல் மேல ரெண்டு பவுடர் டின்னுக்கு நடுவுல சொருகி வச்சா.

பிலோமிக்கு அவனைப் பாத்தா பாவமா இருந்துச்சு. ஏன்னா அந்த ஞாயித்துக்கெழமை மக சிஞ்சுக்குப் புதுநன்மை, கோயில்ல முதமுதலா நற்கருணை வாங்குற நாளு. வெள்ளைக் கவுனு தச்சாச்சு. அப்பா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் பீடத்துக்குப் போவேன்னு புள்ள ஒரு மாசமா ஒத்தக் கால்ல நிக்குது. இவனோ, "கம்பெனியில லீவே இல்ல பிலோமி, நெஞ்சு வெடிக்குது"ன்னு போன்லயே மூக்கைச் சிந்துனான். சரி, படமாவது பாக்கட்டும்னு விட்டா.

அங்கதான் அவன் கோட்டை விட்டான். போனோட முதுகு டிவியப் பாத்துச்சு. மூஞ்சி, அதான் அவன் தெரியுற ஸ்கிரீனு? அது சோபாவையில்ல பாத்துச்சு! சோபாவுல பிலோமி, அவ ஆத்தா, பக்கத்து வீட்டுப் பூமாரி. டிவியில எவனோ எவனையோ அடிக்கிறான், யாரு பாத்தா? மூணு பேரும் பவுல்ராஜைத்தான் பாத்தாங்க. அவன் அழுதா பூமாரியும் அழுவா. அவன் மூக்கை நோண்டுனா ஆத்தா "கருமம்"னு முந்தானையால மூஞ்சிய மூடிக்கும். அந்தப் பூமாரி புருசன் சுருளிவேல் இருக்கானே, டிவிக்கு டிஷ் குடை மாட்டுறேன்னு கூரையில ஏறி, ஏணியை எவனோ எடுத்துட்டுப் போக, அங்கயே உக்காந்து ரெண்டு வேளை சோறு தின்னான். அது வேற கதை.

எங்க விட்டேன்? ஆங், முத படம், திங்கக்கெழமை. திருட்டுப் படம். நகையை எடுத்தவன் யாருன்னு தெரியப்போற நேரம். போனுக்குள்ள ஒருத்தன் வாரான். முதலமடைக்காரன் குப்பண்ணன், அங்க கூட ஒரே ரூம்ல தங்கியிருக்கவன்.

"ஏனுங்க பவுலண்ணா, நாளையில இருந்து உங்களுக்குப் பத்து நாள் லீவுங்களே. ஊட்டுக்குப் போகலீங்களா?"

"போனா குழாயை மாட்டு, மாமியாளைக் கூட்டிட்டுப் போ, பந்தல் போடுன்னு உசுர வாங்குவாளுக. கெடச்ச லீவை இங்கயே படுத்து, படம் பாத்தே தீக்கப் போறேன்."

"அங்க அவிங்களுக்குக் கேட்டுறப் போகுதுங்கண்ணா!"

"போன் டிவியைப் பாத்துட்டு நிக்குதுடா. டிவிக்கா காது கேக்கும்?"

ஆத்தா வாயைத் தொறந்துச்சு. பிலோமி அதைப் பொத்துனா. மெதுவா எந்திரிச்சா, டிவி பிளக்கைப் புடுங்குனா.

"அய்யய்யோ, கரண்டு போயிருச்சுங்க!"

செவ்வாக்கெழமை பேய்ப் படம். பேய் முக்காட்டை எடுக்கப் போகுது, கரண்டு போச்சு. புதங்கெழமை கல்யாணப் படம். தாலியை யாரு கட்டப் போறான்னு தெரியல, அதுக்குள்ள போச்சு.

"என்ன எழவு கரண்டு அது, கணக்கா அந்த நேரம் பாத்துப் போகுது?"

"கோடை மழைங்க. கம்பி மேல மரம் விழுந்திருச்சாம்."

"தெனமுமா?"

"சக்குபள்ளத்துல மரத்துக்கா பஞ்சம்?"

"வந்ததும் மிச்சத்தைப் போடேன்!"

"அப்ப நான் ஜெபமாலையில இருப்பேன்."

"முடிவையாவது வாயால சொல்லித் தொலை."

"சொன்னா ருசி போயிருமே. நேர்ல வந்து பாத்தாத்தாங்க அது படம்."

அன்னைக்கு அவனுக்கு சோறு எறங்கலையாம். நகையை எடுத்தது மாமனா மச்சானா, மாமனா மச்சானான்னு பொலம்பியிருக்கான். பாவம், குப்பண்ணன்தான் கேட்டுக் கேட்டுச் செத்திருக்கான்.

சனிக்கெழமை மத்தியானம் வாசல்ல ஜீப்பு. பெட்டியோட பவுல்ராஜ்! சிஞ்சு ஓடிப் போயி இடுப்பைக் கட்டிக்கிட்டா, விட மாட்டேங்குறா.

"புள்ள மொகம் கண்ணுலயே நின்னுச்சு பிலோமி. முதலாளி கால்ல விழுந்துல்ல லீவு வாங்குனேன்."

"அப்படிங்களா? குப்பண்ணன் தம்பி சொகமா?"

அவன் பெட்டியைத் தொப்புன்னு கீழ போட்டான். டிவியைப் பாத்தான், ஸ்டூலைப் பாத்தான், சோபாவுல சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்குற மாமியாளைப் பாத்தான். மனுசனுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. ஆனாலும் அந்த அரிப்பு விடணுமே.

"சரி, நான் பண்ணது தப்புதான். அந்த முத படம்... கடைசியில கள்ளன் என்னதான் ஆனான்?"

"அவனா? தானா வந்து வீட்டுல மாட்டிக்கிட்டான். மழை விழுகுது பாருங்க, வாசல் முத்தத்துல மொளகு காயுது. ஓடிப் போயி பாயோட சுருட்டி உள்ள கொண்டாங்க!"