மோப்ப மகானின் மூக்கு

எங்கள் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருநாள் ஒரே மசோதாவுக்குக் கை தூக்கின. தூங்கிக்கொண்டிருந்த பதினோரு பேரும் சேர்ந்தே தூக்கினார்கள். நம்ப வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் அங்கே சுருக்கெழுத்தாளனாக இருந்தவன் நான். என் பென்சிலே நம்பவில்லை.

அதுவரை அங்கே ஆட்சி நடத்தியது மோப்ப மகானின் மூக்கு. சபைக்கு வெளியே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டிருப்பார். இடப்பக்கம் ஆளுங்கட்சி வரிசை, வலப்பக்கம் எதிர்க்கட்சி வரிசை. இரண்டும் வாசல் தாண்டி, தெருமுனை சுற்றி, கட்டடத்தின் பின்னால் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மசோதாவை நீட்டினால் கண்ணை மூடி முகர்வார். ரோஜா வாசம் என்றால் ஆதரவு; பிணவாடை என்றால் எதிர்ப்பு. படிக்கும் தொல்லை ஒழிந்தது. ஆளுங்கட்சி மசோதாவுக்குப் பச்சை நாடா, எதிர்க்கட்சிக்கு மஞ்சள் நாடா கட்டுவது வழக்கம். இடப்பக்கத்தார் நீட்டினால் பச்சை ரோஜாவாக மணக்கும், மஞ்சள் பிணமாக நாறும்; வலப்பக்கத்தார் நீட்டினால் நேர்மாறு. மகானின் கண் முழுசாக மூடியிருக்கிறதா என்று எந்தப் புண்ணியவானும் குனிந்து பார்க்கவில்லை.

சபையில் இரு தரப்பும் சரிபாதி. கூரை ஆறு மாதத்துக்கு மேலாக ஒழுகியது. அதைப் பழுதுபார்க்கும் மசோதா பச்சையில் நாலு தடவை, மஞ்சளில் நாலு தடவை வந்து செத்தது. ஈரத்தில் ஓர் அமைச்சர் வழுக்கி விழுந்தார். மாட்டிக்கொண்டது தரை துடைக்கும் வாளியக்கா.

"இன்னைக்குக் கூரைக்கு ஆணை வந்தா தப்பிச்ச. வரலைன்னா ஈரத்துக்கு நீதான் பொறுப்பு. நாளையிலேர்ந்து வராத," என்றார் மேலாளர்.

அக்கா நேரே தாழ்வாரத்துக்குப் போனார். மஞ்சள் நாடா கட்டிய ஒரு தாளை ஆளுங்கட்சித் தலைவரிடம் கொடுத்தார். "இதையும் மோந்து பாக்கச் சொல்லுங்கய்யா."

மகான் முகர்ந்தார். மூக்கைப் பொத்தினார். "பிணவாடை. எழுதினவன் பெரிய துரோகி. படிச்சிடாதீங்க, கண்ணு போயிடும்."

"துரோகி யாருன்னு பாத்துடுவோம் சாமி," என்று அக்கா நாடாவை அவிழ்த்தார். தியான மாளிகை கட்ட நிலம் கேட்டு ஒரு விண்ணப்பம். கீழே மகானின் கையெழுத்து. "ரெண்டு கட்சிக் குப்பைத் தொட்டியிலும் ஒவ்வொரு பிரதி பிரிக்காமலே கிடந்துச்சு. நாடா மட்டும்தான் நான் கட்டுனது."

"எனக்கு ஜலதோஷம்," என்றார் மகான்.

எதிர்க்கட்சித் தலைவர் சிரித்த சிரிப்பில் கூரையில் இன்னும் மூன்று ஓட்டை விழுந்தது. "நீங்க சிரிக்காதீங்கய்யா. அதே தொட்டிகள்ல கிடந்த இந்த ரெண்டு கூரை மசோதாவையும் நாடா இல்லாம படிங்க," என்றார் அக்கா.

படித்தார்கள். வரிக்கு வரி ஒன்றே. ஏழாம் வரியில் எழுத்துப் பிழைகூட ஒன்றே.

"எங்களோடதைத் திருடிட்டீங்களா?" என்றார் ஆளுங்கட்சித் தலைவர்.

"திருடினது நீங்கதான்யா," என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

"யார் திருடினா என்ன, ரெண்டு பேர் தலையிலயும்தானே சொட்டுது?" என்றார் அக்கா.

இந்தச் சந்தடியில் மகான் நழுவப் பார்த்தார். ஈரத்தில் வழுக்கிய வேகம், நாலாவது தெருவில்தான் நின்றார்.

அன்று மாலை கூரை மசோதாவுக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. அக்காவின் வேலை தப்பியது. சபாநாயகரும் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். மூன்று முறை எண்ணினார். கடைசியில் என் பக்கம் குனிந்தார்.

"நீ பாத்தியாப்பா?"

"பாத்தேங்க. எழுதவா?"

"எழுது. படிச்சிருந்தா ஆறு மாசம் முன்னாடியே நடந்திருக்கும். இந்தக் கட்டடத்துலயே படிச்சவங்க ஒருத்தர்தான், அவங்களுக்கு இங்க ஓட்டு கிடையாது. அதையும் சேத்துக்கோ." இன்னொரு முறை அந்தக் கைகளைப் பார்த்தார். "நடந்துதான்ப்பா இருக்கு."