பத்து மணி, பத்து நிமிடம், பதினேழு நொடி

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருந்தது. ஆனால் யாரும் ஏறவில்லை. வரிசை மாடிப்படியில் நின்றது; லிஃப்டில் போனால் வரிசையைத் தாண்டியதாகிவிடும். படிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு லேப்டாப். எல்லாரும் மெத்தப் படித்தவர்கள். கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறவர்கள். தங்களுக்குப் புத்தி சொல்ல ஒருவரைத் தேடி வந்திருந்தார்கள்.

அந்த ஒருவர் நொடியார். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. புதிய சாஃப்ட்வேரை எந்த நாள், எந்த மணி, எந்த நொடியில் விற்பனைக்கு விட்டால் ஓஹோ என்று போகும் என்று சொல்வதால் வந்த பட்டம். முறை ரொம்பச் சுலபம். லேப்டாப்பை மேஜையில் வைக்க வேண்டும். அதன்மேல் கறுப்பு நூலில் கட்டிய வெள்ளி மோதிரத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தேதியாகச் சொல்லுவார். ஆகாத தேதிக்கு மோதிரம் அசையாது. ஆகிற தேதிக்கு ஃபேன் மாதிரிச் சுற்றும்.

அவர் சொன்ன நொடியில் விட்டு ஜெயித்தவர்களின் படங்கள் சுவரில் சிரித்தன. தோற்றவர்கள்? அவர்கள் பட்டனை மூன்று நொடி தாமதமாக அழுத்தியவர்கள். நொடிக்கணக்கில் நேரம் குறிப்பதில் இது ஒரு சௌகரியம். எவனாலும் சரியாக அழுத்த முடியாது.

அன்றைக்கு மோதிரத்தின் எதிரே ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் முதலாளி. தங்கை அவன் கம்பெனியிலேயே டெஸ்டர். மற்றவர்கள் செய்து முடித்ததை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. சரக்கு, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஞாபகப்படுத்தும் ஆப்.

மோதிரம் சுற்றியது.

"வர்ற வியாழன். காலைல பத்து மணி, பத்து நிமிஷம், பதினேழு நொடி," என்றார் நொடியார்.

அண்ணன் பயபக்தியோடு எழுதிக்கொண்டான்.

"அண்ணா, கோளாறைச் சரிபண்ண ஒன்பது நாள் வேணும்னு சொன்னேன்ல?"

"வெளில போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசுவோம். ஃபோனை அணைச்சுத் திரும்ப ஆன் பண்ணினா, போட்ட மாத்திரையை ஆப் மறந்துடுது. மறுபடியும் போடச் சொல்லுது. அப்பாவுக்கு என்னாச்சு?"

அப்பாவின் ஃபோனில்தான் முதல் சோதனை. போன வாரம் பிரஷர் மாத்திரையை ஒரே காலையில் இரண்டு தடவை விழுங்கிவிட்டு, குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். கண் விழித்ததும் சொன்னது, "ஃபோன் சொல்லுச்சு, முழுங்கினேன்." இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். வியாழக்கிழமை இந்த ஆப் ஆயிரம் அப்பாக்களின் ஃபோனில் ஏறப்போகிறது.

"தெரியும்டி." அண்ணனின் குரல் இறங்கியது. "போன தடவை தேதி வெச்சது நான்தான். ஒருத்தன்கூட வாங்கல. பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பினேன். இன்னொரு தடவை தேதி வைக்க எனக்குத் தெம்பு இல்ல. இவர் வைக்கட்டும்."

நொடியார் புன்னகைத்தார். "விடுற நொடி சரியா இருந்தா கோளாறு தானா அடங்கிடும்மா."

தங்கை கோபப்படவில்லை. டெஸ்டர்கள் கோபப்பட்டால் வேலை நடக்காது.

"ஐயா, நீங்க வாயால தேதி சொன்னாத்தான் மோதிரம் சுத்துது. மூடின கவருக்குள்ள தேதி இருந்தா அதுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசை எட்டிப் பார்த்தது. இத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சாலும் தெரியும்."

"நல்லதாப் போச்சு." பையிலிருந்து ஏழு கவர்களை எடுத்து வைத்தாள். காலையிலேயே ஒட்டி, ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டவை. "ஒவ்வொண்ணுலயும் ஒரு தேதி எழுதியிருக்கேன். எது நல்ல தேதின்னு மோதிரமே காட்டட்டும். காட்டிடுச்சுன்னா நான் தடுக்க மாட்டேன்."

"நிஜமாவா?" அண்ணனுக்குப் பாதி உயிர் வந்தது.

கதவு திறந்தது. வரிசை உள்ளே வழிந்தது.

முதல் கவர். மோதிரம் செத்துக் கிடந்தது. இரண்டும் மூன்றும் அப்படியே. நான்குக்கு லேசாக நடுங்கியது. "சுமார்," என்றார். ஐந்து. மோதிரம் சுற்றியது, சுற்றியது, நூல் அறுந்துவிடும்போல் சுற்றியது.

"அமோகம். இதுதான் உங்க தேதி."

"ஆறு, ஏழு?"

"ஆறு நஷ்டம். ஏழு..." முகத்தைச் சுளித்தார். "ஏழுல உயிர்ச்சேதமே தெரியுது."

"அஞ்சை நீயே பிரிண்ணா."

அண்ணன் பிரித்தான். படித்தான். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தான்.

"என்னடி இது? பிப்ரவரி முப்பது."

"எங்க வேலைல முதல்ல போட்டுப் பார்க்கிற தேதி. இல்லாத நாளை சாஃப்ட்வேர் ஒத்துக்குதான்னு பார்ப்போம். இவர் ஒத்துக்கிட்டார்."

நொடியார் தொண்டையைச் செருமினார். "மேல் உலகக் காலண்டர்ல அந்த நாள் உண்டு."

"இருக்கட்டும் ஐயா. மிச்சத்தையும் பிரிங்க."

ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த ஆறு கவரிலும் அதே பிப்ரவரி முப்பது. ஒரே தேதிதான், ஐந்தாவது கவரில் அமோகம், ஏழாவது கவரில் உயிர்ச்சேதம்.

வரிசையில் வந்த ஒருவர் நூலை வாங்கி மேஜை விளக்கின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். கவரை வைத்தார், தன் லேப்டாப்பை வைத்தார். மோதிரம் சும்மா தொங்கியது. பிடிக்கிற கை போனதும் அதற்கு எதிர்காலமும் போய்விட்டது.

எல்லாரும் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் காலியாக இருந்தது. அதில் நழுவியதுதான் நொடியார் நேரம் பார்க்காமல் கிளம்பிய முதல் பயணம்.

படியிறங்கும்போது தங்கை சொன்னாள், "அப்பா ஃபோன் சொல்லுச்சுன்னு முழுங்கினார். நீ மோதிரம் சொல்லுச்சுன்னு முழுங்கப் பார்த்த."

அண்ணன் ஒரு மாடி இறங்கினான். பிறகு, "ஒன்பது நாள் எடுத்துக்கோ. பத்தலைன்னா இன்னும் எடுத்துக்கோ. அது மறக்காத அன்னிக்கு விப்போம்," என்றான். இன்னும் நாலு படி இறங்கினான். "ஆமா, ஒன்பதாவது நாள் என்ன கிழமை?"

தங்கை நின்று திரும்பிப் பார்த்தாள்.

"லீவு நாளான்னு கேட்டேன்டி."

பாதி வரிசை கலைந்துவிட்டது. மீதிப் பாதி, நொடியார் எப்போது திரும்புவார் என்று அதே படியில் இன்னும் நிற்கிறது. அவர்களுக்கு நானும் ஒரு நேரம் குறித்துத் தருகிறேன், இலவசமாக. யோசிக்க ஆரம்பிப்பதற்கு எந்த நொடியும் நல்ல நொடிதான். மூன்று நொடி தாமதமானாலும் பாதகமில்லை.